என்.ஏ.டி. என்று எழுதிய கை

ராணுவ டாக்டருக்கு மூன்று எழுத்து போதும். என்.ஏ.டி. நத்திங் அப்நார்மல் டிடெக்டட். பார்த்தேன், கோளாறு எதுவும் தென்படவில்லை என்று பொருள். காலையில் எம்.ஐ. ரூம் என்கிற மருத்துவப் பரிசோதனை அறை வாசலில் சிக் ரிப்போர்ட்டுக்கு நாற்பது பேர் நிற்கும்போது இந்த மூன்று எழுத்தைப் போல உதவிக்கு வருவது வேறொன்றில்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீசில் அதை எத்தனை ஆயிரம் தடவை எழுதினேனோ, கணக்கில்லை. ஆனால் ஒரே ஒரு ஆளுடைய காகிதத்தில் மூன்று வருஷத்துக்குள் ஒன்பது தடவை எழுதியிருக்கிறேன். அது நன்றாகத் தெரியும். பின்னால் உட்கார்ந்து எண்ணினேன்.

அந்த ஆளுக்கு இங்கே பெயர் வேண்டாம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படைக்காரர்களை ராணுவம் முழுக்கத் ‘தம்பி’ என்றுதான் சொல்வார்கள். வடக்கத்தி ஜெனரல்கூட அந்த ஒரு தமிழ்ச் சொல்லைச் சரியாக உச்சரித்துவிடுவார். ஆகவே அவர் தம்பி. ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கத்துக்காரர். 1984-இல் சேர்ந்து, 2008-இல் ஹவில்தாராக வெளியே வந்தவர். நான் இப்போது ஒன்றரை ஏக்கர் காபியை வைத்துக்கொண்டு நாகலூரில் காலம் தள்ளுகிறேன் என்றால், இந்த இடத்தைக் காட்டி விட்டவரே அவர்தான். அவர் உடம்புக்கு நான் செய்ததை நினைத்தால், எனக்கு நிலம் காட்ட அவருக்கு எந்தக் கடமையும் இல்லை.

ராணுவத்திலிருந்து வெளியே வந்த பிறகு, முன்னாள் படைவீரர்களுக்கான பாலிகிளினிக் ஒன்றில் ஒப்பந்த மெடிக்கல் ஆபீசராக இருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். ஈ.சி.எச்.எஸ். என்ற அந்தத் திட்டம் 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி வந்தது. ஓய்வு பெறும்போது ஒரு தொகை கட்டினால் வாழ்நாள் முழுக்கத் தனக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். பாலிகிளினிக்கில் முதலில் பார்ப்போம். எங்களால் முடியாததை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கு ரெஃபரல் எழுதி அனுப்புவோம். அங்கே எழுதிக் கொடுக்கும் மருந்தை எங்கள் மருந்தகத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம். நல்ல திட்டம். அதை நம்பி வாழ்கிற எத்தனையோ கிழவர்களை எனக்குத் தெரியும். நான் சொல்லப்போவது திட்டத்தின் குறையை அல்ல, மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் குறையை.

தம்பி முதலில் வந்தது 2010-இல். மலைப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் முதல் பஸ்ஸில் இறங்கி, சேலத்தில் இன்னொரு பஸ் பிடித்து, டோக்கன் வாங்கி, பதினொரு மணிக்கு என் முன்னால் அட்டென்ஷனில் நின்றார்.

“கால் ஒளைச்சல் சாப். இடுப்புலேருந்து இறங்குது. ராத்திரி தூக்கமில்ல. வயிறு உப்புசம். சில நேரம் நெஞ்சு படபடங்குது. பேசிட்டே இருக்கையில சொல்ல வந்தது மறந்துடுது.”

ஐந்து சொன்னார். ரெஃபரல் படிவத்தில் நோயாளியின் குறைக்கென்று இருந்தது ஒரு வரி. நான் முதலாவதை எடுத்துக்கொண்டேன். ‘முதுகு வலி, கால் வலி’ என்று ஆங்கிலத்தில் எழுதி எலும்பு டாக்டருக்கு அனுப்பினேன். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நாற்பத்தாறு வயசுக்கு உரிய தேய்மானம், வேறொன்றுமில்லை. அடுத்த தடவை கால் மரத்துப்போகிறது என்றார், நரம்பு டாக்டர். நெஞ்சுக்கு டிரெட்மில் ஓட்டிப் பார்த்தார்கள், ஜவானைப் போல ஓடினார். வயிற்றுக்கு எண்டோஸ்கோப்பி. மூட்டு வாதத்துக்கு ரத்தம். பிறகு தலைசுற்றல் என்றார், காது-மூக்கு-தொண்டை. ஒவ்வொரு தடவையும் கடிதம் திரும்பி வரும், நான் புரட்டுவேன், ‘எல்லாம் நார்மல் தம்பி, கவலைப்படாதீங்க’ என்பேன். அதை நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் முகம் ஒவ்வொரு தடவையும் சுருங்கியது. ஏன் என்று யோசிக்கவில்லை. வெளியே இன்னும் முப்பது பேர்.

யோசித்தேன், ஆனால் வேறு மாதிரி. ராணுவச் சட்டம் 1950, பிரிவு 46: நோய் இருப்பதாக நடிப்பது குற்றம், கோர்ட் மார்ஷலில் ஏழு வருஷம் வரை சிறை. இது எங்களுக்கு மருத்துவத்தோடு சேர்த்தே ஊட்டப்பட்டது. படைப் பிரிவு டாக்டர் என்பவன் பாதி வைத்தியன், பாதி காவல்காரன். எவன் நிஜமாகப் படுத்திருக்கிறான், எவன் பரேடுக்குப் பயந்து படுத்திருக்கிறான் என்று மோப்பம் பிடிக்க வேண்டும். அந்த மூக்கை நான் சீருடையோடு கழற்றி வைக்கவில்லை. தம்பி டிசேபிலிட்டி பென்ஷனுக்கு மனு போட்டிருக்கிறார் என்று மருந்தகத்தில் யாரோ சொன்னதும், ‘அதானே’ என்று எனக்குள் ஒரு குரல். அன்றைக்குக் காகிதத்தில் என்.ஏ.டி.க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். அடுத்த டாக்டர் புரிந்துகொள்ளட்டும் என்று.

டிஸ்சார்ஜின்போது அவர் ‘ஷேப்-1’. மனம், காது, கை கால், உடல், கண் ஐந்திலும் முதல் தரம் என்று அர்த்தம். வலி இருபது வருஷமாக இருந்தது என்கிறவன் எப்படி ஷேப்-1-இல் வெளியே வந்தான்? இந்தக் கேள்வியை வைத்துத்தான் அவரை மனசுக்குள் மடக்கினேன். பதில் எனக்கே தெரிந்ததுதான். மெடிக்கல் கேட்டகரி இறங்கினால் பதவி உயர்வு நிற்கும். அதனால் முதுகில் அடிபட்டதை மறைத்து, மெடிக்கல் போர்டு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்து காட்டுகிற ஜவான்களை நானே நூற்றுக்கணக்கில் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வலி இருப்பவன் இல்லாததுபோல் நடிப்பதைத் தேசபக்தி என்று எடுத்துக்கொண்டோம்.

இரண்டாம் வருஷம் ஒரு நாள் என் பொறுமை போயிற்று. “உடம்புல ஒண்ணும் இல்ல தம்பி, மனசுலதான் இருக்கு. சைக்யாட்ரிக்கு எழுதவா?” என்றேன். அவர் எழுந்து நின்றார். “மெண்டல்னு எழுதிடாதீங்க சாப். பொண்ணுக்கு வரன் பார்த்துட்டு இருக்கோம்.” சல்யூட் மாதிரி ஒரு தலையசைப்பு. அதன்பிறகு ஆறு மாசம் ஆளே வரவில்லை. ஓ.பி.யில் ஒருவர் குறைந்தார் என்று நான் நிம்மதியாக இருந்தேன். இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் மனைவியும் வந்தார். அந்த அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. கையிலிருந்த மஞ்சள் பையைத் திறந்து என் மேஜையில் கவிழ்த்தார்.

“இதுல எதை எப்போ குடுக்கறதுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க சார். இவருக்குக் காலையில எழுந்தா சுத்துதுங்க. சுத்தறதுக்கு ஒரு மாத்திரை குடுத்தாங்க. அதைப் போட்டும் சுத்துதுங்க.”

ஒன்பது அட்டை. எல்லாம் என் கையெழுத்தில் வெளியே போனவை, ஒன்றைத் தவிர. வரிசையாக அடுக்கினேன். எலும்பு டாக்டர் கொடுத்த வலி மாத்திரை. அது போதாமல் கடையில் இவராக வாங்கிய டைக்ளோஃபெனாக். இரண்டும் ஒரே குடும்பம், வயிற்றை அரிக்கும். அந்த வயிற்றுக்கு பான்டோப்ரசோல். இன்னொரு கம்பெனிப் பெயரில் மறுபடியும் பான்டோப்ரசோல். சத்து மாத்திரை இரண்டு. எலும்பு டாக்டர் எழுதிய நரம்பு மாத்திரை ஒன்று; அட்டையைத் திருப்பினால் ப்ரிகாபலின் 75 மி.கி., கூடவே வைட்டமின். நரம்பு டாக்டர் எழுதிய நரம்பு மாத்திரை. திருப்பினால் ப்ரிகாபலின் 75 மி.கி., கூடவே நார்ட்ரிப்டிலின். இரண்டு டாக்டர், இரண்டு பெயர், ஒரே மருந்து. இரண்டு அளவும் ஒரே இரவில் உள்ளே போனால் காலையில் சுற்றாமல் என்ன செய்யும்? அந்தச் சுற்றலுக்குத்தான் நான் காது டாக்டருக்கு எழுதினேன். அவர் பீட்டாஹிஸ்டின் கொடுத்தார். அது ஒன்பதாவது அட்டை.

அவருடைய ஐந்து குறைகளில் இல்லாத ஆறாவது குறையை நாங்கள் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கியிருந்தோம். தனித்தனியாகப் பார்த்தால் யாரும் தப்புச் செய்யவில்லை. ஆறு துறை டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் இன்னொருவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வைத்திருக்கக்கூடிய ஒரே இடம் என் மேஜை. அங்கே நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பல துறை சேர்ந்த சிகிச்சை என்று இப்போதெல்லாம் அலங்காரமாகச் சொல்கிறார்கள். பல துறை அவருக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. சேர்ந்தது மட்டும்தான் கிடைக்கவில்லை.

அடுத்து நான் செய்ததற்கு உத்தரவு எதுவும் கிடையாது. புதன்கிழமை ஓ.பி. முடிந்ததும் ஒரு மணி நேரம். எங்கள் பிசியோதெரபிஸ்ட் பெண், மருந்தாளர், மருத்துவக் கல்லூரியில் என்னோடு படித்தவரின் மாணவியான ஒரு உளவியலாளர், நான். நடுவில் தம்பியும் அவர் மனைவியும். டாக்டர்கள் பேசி முடித்துவிட்டு நோயாளியைக் கூப்பிடுவதல்ல. அவர் முன்னாலேயே பேசினோம், அவரும் பேசினார். உளவியலாளரைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, “கால் ஒளைச்சல்னு சொன்னீங்களாமே, அது எப்படி இருக்கும்?” அவர் சொல்லச் சொல்லத் தமிழிலேயே எழுதிக்கொண்டார். குடைச்சல், இழுப்பு, ஓய்ச்சல், உள்ளே எறும்பு ஊர்கிற மாதிரி. நான் மூன்று வருஷமாக ‘வலி’ என்று ஒரே சொல்லில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். உளைச்சல் என்பது காலுக்கும் உண்டு, வயிற்றுக்கும் உண்டு, மனசுக்கும் உண்டு. தமிழ் அதைப் பிரித்து வைக்கவில்லை. உடம்பிலா மனசிலா என்று அவரை மடக்கியது என் இங்கிலீஷ்.

எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டதும் அந்தப் பெண்தான். “87-லேருந்து 89 வரைக்கும் யாழ்ப்பாணம்,” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1988-இல் நானும் அங்கே இருந்தேன், ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்கிற களமுனை மருத்துவப் பிரிவில். 1987 ஜூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகிப் போன இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பும்போது ஏறத்தாழ 1,200 பேரை இழந்திருந்தது. கால் போனவர்களை நான் கட்டுப் போட்டு ஏற்றி அனுப்பியிருக்கிறேன். எந்த மண்ணில் அந்தக் கால்கள் போயினவோ, அந்த மண்ணை மண்டியிட்டுக் கம்பியால் குத்திக் குத்தி மிதிவெடி தேடியவர் மூன்று வருஷம் என் எதிரில் நின்றிருக்கிறார். பலவற்றில் இரும்பு குறைவு, டிடெக்டர் சத்தம் போடாது, விரலும் கம்பியும்தான் கதி. நான் அவருடைய கார்டு நம்பரைக் கேட்டேன். ஊர் கேட்கவில்லை, யூனிட் கேட்கவில்லை.

இதற்கு அடுத்து நான் செய்த தப்பு கொஞ்சம் சிரிப்பானது. பிசியோ பெண் அவரை வராந்தாவில் நடக்க விட்டுப் பார்த்துவிட்டு, “இவர் குதிகாலைத் தரையில வைக்கறதே இல்ல சார், முன் பாதத்துலயே நடக்கறார். கெண்டைக்கால் எப்பவும் இறுகியே இருக்கு,” என்றார். எனக்கு மின்னல் அடித்தது. மிதிவெடி! மண்ணை நம்பாத கால்! இருபது வருஷமாக எடை வைக்க அஞ்சும் கால்! நான் உணர்ச்சிவசப்பட்டுப் பேசி முடிக்கும் வரை அவர் மனைவி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “கல்யாணத்தப்பவே இப்படித்தாங்க நடப்பாரு. எங்க மாமனாரும் அப்படித்தான். மேட்டுல ஏறி ஏறி எங்க ஊர்ல பாதி ஆளுங்க அப்படித்தாங்க.”

எல்லோரும் சிரித்துவிட்டோம். தம்பி சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவன், இப்போது ஒரே காரணத்தில் எல்லாவற்றையும் முடிச்சுப் போடத் துடிக்கிறேன். இரண்டும் ஒரே அவசரம்தான்.

இந்த அவசரம் எனக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்கள் 300 பேரை ஆராய்ந்து ஜேக்கப் டா கோஸ்டா 1871-இல் எழுதினார்: படபடப்பு, மூச்சுத் திணறல், களைப்பு, சோதித்தால் இதயத்தில் நோய் இல்லை. எரிச்சல் கொண்ட இதயம் என்று பெயர் வைத்தார். முதல் உலகப் போரில் வேறு பெயர். 1991 வளைகுடாப் போருக்குப் போன கிட்டத்தட்ட 7 லட்சம் அமெரிக்கர்களில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாதவர்களுக்கு வலி, களைப்பு, மறதி, வயிற்றுக் கோளாறு என்று பல ஒன்றாக வந்தன. நரம்பு வாயுவா, அதற்கு முன்காப்பாகக் கொடுத்த மாத்திரையா, பூச்சி மருந்தா, எண்ணெய்க் கிணற்றுப் புகையா என்று முப்பது வருஷமாக ஆராய்கிறார்கள். காரணம் தெரியும்வரை காத்திருக்க முடியாது என்று 2001-இல் வாஷிங்டனிலும் நியூ ஜெர்சியிலும் இதற்கென்றே மையங்கள் திறந்தார்கள், பிறகு கலிபோர்னியாவில் ஒன்று. வெவ்வேறு துறைக்காரர்கள் ஒரே வீரரைச் சேர்ந்து பார்த்து ஒரே திட்டமாக எழுதித் தருவார்கள். இந்த வீரர்களுக்கான சிகிச்சையின் பலன் அற்புதம் என்று நினைக்க வேண்டாம். 1,092 வீரர்களை வைத்து நடந்த ஆய்வு 2003-இல் வெளியானது. பேச்சுவழி உளச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு உடல் இயக்கம் தேறியது. வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 11, 12 பேருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஆறேழு பேரில் ஒருவராக இருப்பவருக்கு அது சின்ன வித்தியாசம் அல்ல.

எங்கள் புதன்கிழமைகளில் நடந்ததும் சின்னச் சின்னதுதான். மருந்தாளர் ஒன்பது அட்டையை நாலு மாசத்தில் மூன்றாக்கினார். ப்ரிகாபலினை ஒரே நாளில் நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். தலைசுற்றல் மூன்றாம் வாரம் நின்றது. தைராய்டு சோதனையை ஆறு துறையில் ஒருவரும் செய்யவில்லை, அடுத்தவர் செய்திருப்பார் என்ற நினைப்பு. ஆவலோடு செய்தோம். அதுவும் நார்மல். ஒரு ரிசார்ட்டில் இரவுக் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக் கேட்டு வாங்கினார். சம்பளம் குறைந்தது, தூக்கம் வந்தது. நடுராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் இல்லாமல் விழிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அது சென்ட்ரி டூட்டி மாறும் நேரம்.

அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது பிசியோ பெண் போட்ட ஒரு விதி. வலி இல்லாத நாளில் தம்பி காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே மூச்சில் கவாத்து வெட்டுவார். அடுத்த மூன்று நாள் படுக்கை. எழுந்ததும் விட்டதையெல்லாம் பிடிக்க மறுபடி ஒரே மூச்சு. ராணுவம் கற்றுக்கொடுத்ததே அதுதானே, டாஸ்க் முடியாமல் உட்காராதே என்று. அந்தப் பெண் சொன்னார்: இருபது நிமிஷம் வேலை, பத்து நிமிஷம் உட்கார். வலித்தால் மட்டுமல்ல, வலிக்காவிட்டாலும் உட்கார். “வலிக்காதப்போ எதுக்கும்மா உட்காரணும்?” என்று தம்பி வாதாடினார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது அபத்தமாகத்தான் பட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. ஒரு மாசம் கழித்து அவர் மனைவி காலண்டரைக் கொண்டுவந்து காட்டினார். படுக்கையில் கிடந்த நாட்களுக்குச் சிவப்பு வட்டம். முந்தைய மாசம் பதினொன்று, அந்த மாசம் நாலு.

வலி போகவில்லை. பத்துக்கு எட்டு என்றவர் பத்துக்கு ஐந்து என்பார், மழைக்காலத்தில் ஆறு. டிசேபிலிட்டி பென்ஷன் கிடைக்கவில்லை. ஷேப்-1 என்ற அந்தக் காகிதத்தை எதிர்த்து வைக்க அவரிடம் இருப்பது என்னுடைய ஒன்பது என்.ஏ.டி.கள்தான், அதில் ஒன்றில் கேள்விக்குறி வேறு. மனுவோடு சேர்த்துக்கொள்ள நீண்ட கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அனுப்பினாரா என்று நான் கேட்கவில்லை.

என் ஒப்பந்தம் முடிந்ததும் புதன்கிழமைகளும் முடிந்தன. யாருடைய உத்தரவிலும் இல்லாதது யாருடைய கவனத்துக்கும் வராமலே நின்றுபோனது.

போன பிப்ரவரியில் என் தோட்டத்தில் மிளகு பறிப்பு. ஆள் கிடைக்கவில்லை, தம்பிதான் வந்தார். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கிலைச் சாய்த்து, கணுவில் கால் வைத்து முன் பாதத்திலேயே மேலே போனார். கீழே நான் சாக்கை விரித்துக்கொண்டு நின்றேன். சேர்வராயன் கோயில் பக்கம் மேகம் கூடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு கொடி பாக்கி, கைக்கெட்டும் தூரத்தில் காய் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. அவர் சட்டைப் பையில் செல்போன் மணி அடித்தது. தம்பி கையை எடுத்தார், இறங்கத் தொடங்கினார்.

“அந்த ஒரு கொடிதானே தம்பி, முடிச்சிட்டு இறங்கிடலாமே. மழை வருது,” என்றேன்.

“பெல் அடிச்சிருச்சு சாப்,” என்றார். இறங்கி, வேர்மேல் உட்கார்ந்து, வெற்றிலைப் பையைப் பிரித்தார்.